நாற்பது அட்டைகளும் கடப்பாக்கத்துப் படகும்

செங்கல்பட்டில் ரயிலை விட்டு இறங்கும்போது என் மகள் மகி முப்பத்தோராவது அட்டையில் இருந்தாள். "ஸ்பில் த பீன்ஸ் என்றால் ரகசியத்தை வெளியே சொல்லிவிடுதல்" என்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிப் படியில் காலை வைத்தாள். பின்னால் நின்றவர், "பாத்து எறக்கு மா, பாப்பா தூங்கிக்கினே பேசுது" என்றார்.

எங்கள் ஊர் உடுமலைப்பேட்டை. என் கணவர் ஒன்றரை வருடமாக இந்தக் கடற்கரைப் பக்கம் வேலை பார்க்கிறார். அணுபுரத்தில் ஒரு நண்பரோடு தங்கியிருக்கிறார். மகிக்கு இங்கே நான்காம் வகுப்பில் இடம் கிடைத்தால் ஜூன் மாதம் நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருப்போம். கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் அவளுக்கு அப்பா என்பது ஃபோனில் வரும் முகம்தான். சனிக்கிழமை செங்கல்பட்டில் ஒரு பள்ளி, திங்கட்கிழமை அணுபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஞாயிறு. அவ்வளவுதான் எங்கள் பயணம்.

அவரோடு வேலை பார்க்கும் ஒருவர், "இந்தப் பக்கம் எல்லா ஸ்கூல்லயும் இடியம் கேப்பாங்க" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு மாதம் தூங்கவில்லை. கொழுந்தனாரின் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைகளை நாற்பது அட்டைகளாக வெட்டினேன். வெற்றுப் பக்கத்தில் ஆங்கில மரபுத்தொடரும் அதற்குக் கீழே தமிழில் பொருளும். ஆங்கில அகரவரிசையில் அடுக்கி ஒரு ரப்பர் பேண்ட் போட்டேன். மகி நாற்பதையும் ஒரே மூச்சில் சொல்வாள். நானே அசந்துபோவேன்.

ஸ்டேஷனுக்கு எதிரில் காலை உணவு. பரிமாறியவர், "இட்லி கீது, பூரி கீது, வடகறி சூடா கீது" என்றார். எங்கள் ஊரில் இட்லிக்கு வடகறி என்று யாரும் கேட்டதில்லை. மசால் வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டதுபோல இருந்தது. மகி தயங்கித் தயங்கி ஒரு வாய் வைத்துவிட்டு, இரண்டாம் முறை அவளே கேட்டு வாங்கினாள். பிறகு என் காதில், "அம்மா, கீதுன்னா என்ன?" என்றாள்.

"இருக்குன்னு அர்த்தம், சாமி."

"அது எத்தனாவது அட்டை?"

நான் சிரித்தேன். அந்த இடத்தில் சிரிக்காமல் யோசித்திருக்க வேண்டும்.

பள்ளியின் தலைமையாசிரியை அன்பாகத்தான் பேசினார், எல்லாம் ஆங்கிலத்தில். மகியிடம் பெயர் கேட்டார், ஊர் கேட்டார். பிறகு, "மழை பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்கிறோமே, அதற்கு என்ன பொருள்?" என்று கேட்டார். நல்ல மழை என்று பொருள். எங்கள் அட்டைகளில் அது இருபதுகளில் எங்கோ இருந்தது. மகி மேசையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். என் உதடுகள் என்னை அறியாமல் அசைந்தன: பெ-ரு-ம-ழை.

"அம்மா, உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிகிறது" என்றார் அவர். "குழந்தைக்குத் தெரியுமா என்றுதான் பார்க்கிறேன்."

காது வரை சூடானது. இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டார். மகி வாயைத் திறக்கவில்லை. தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. "மூன்றாம் வகுப்பையே இன்னொரு வருடம் படிக்கட்டும், பேச்சு வந்துவிடும்" என்று சொல்லி அனுப்பினார்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே கேள்வியை நான் கேட்டேன். மகி உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தாள். குனிந்து கேட்டேன். முதல் அட்டையிலிருந்து தொடங்கியிருந்தாள். இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்ப்பாடு போல ஓடி, பூனையும் நாயும் வந்ததும் நிறுத்தி, நிமிர்ந்து, "பெருமழை!" என்றாள். இவளுக்குத் தெரிந்தது நாற்பது தொடர்கள் அல்ல, ஒரு நீளமான பாட்டு. நடுவில் எங்கே தொட்டாலும் முதலில் இருந்து பாடினால்தான் வரும். பாடச் சொல்லிக் கொடுத்தது நான்.

உடனே அட்டைகளைக் கலைத்துப் போட்டுக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு பதற்றம். ஓடும் பஸ்ஸில் ரப்பர் பேண்டை இழுத்தேன், அது அறுந்தது. பஸ் ஒரு வளைவில் திரும்பவும் அட்டைகள் சீட்டுக்கடியிலும் படிக்கட்டுப் பக்கமும் பறந்தன. ஆளுக்கு இரண்டு மூன்று பொறுக்கிக் கொடுத்தார்கள். பூக்கூடையோடு இருந்த பெண் ஓர் அட்டையைத் திருப்பி, 'தங்கள் நல்வரவை' என்று அறுபட்டு நின்ற வரியைப் படித்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம் மா? எங்களையும் கூப்டுறியா?" என்றார்.

"கல்யாணம் முடிஞ்சுபோச்சுங்க."

"முடிஞ்ச கல்யாணத்துக்கா பத்திரிக வெக்கிற?" பஸ்ஸே சிரித்தது. மகியும் சிரித்தாள், அன்றைக்கு முதல் முறையாக. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்பதுதான் இருந்தது. ஒன்று எங்கோ பறந்துவிட்டது. எது போனது என்று எனக்கே நினைவு வரவில்லை. நாற்பதையும் என் கையால் எழுதியவள் நான். ஆனால் ஒன்றைக்கூட என் வாழ்நாளில் வாய்விட்டு யாரிடமும் பேசியதில்லை. பி.காம். வரை படித்தவள், ஆங்கிலத்தில் ஃபோன் வந்தால் கணவரிடம் கொடுத்துவிடுவேன். அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் அட்டையாக வெட்டிக் கொடுத்துவிட்டேனோ என்று அணுபுரம் வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை. மகியை மாமல்லபுரம் அழைத்துப் போவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இன்று முழுவதும் படிக்க வைக்கலாமே என்று எனக்கு. "ஒரு நாள் கடல் பாக்கட்டுமே, நீயே கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சரி, பஸ்ஸிலேயே படிக்கலாம் என்று அதிகாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தோம்.

அங்கேதான் அந்தத் தவறு. மகியிடம் அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொண்டே, வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டரிடம், "கடற்கரை போகுங்களா?" என்றேன். "போவும், ஏறு" என்றார். அந்தச் சாலையில் எந்த பஸ்தான் கடற்கரை போகாது? நல்ல கூட்டம். அவர் டிக்கெட் போட்டுக்கொண்டு எங்களிடம் வருவதற்குள் பல ஊர்கள் பின்னால் போய்விட்டன.

"மாமல்லபுரம், ஒண்ணரை டிக்கெட்டுங்க."

"இன்னா மா நீ! மாமல்லபுரம் அந்தப் பக்கம். இது பாண்டி போற வண்டி."

எழுந்து நின்றுவிட்டேன். அழுகையே வந்துவிட்டது. அவர் என் முகத்தையும் மகியின் கையில் இருந்த அட்டைகளையும் பார்த்தார். "எதுக்குப் பேஜார் பண்ணிக்கிற? கொழந்தைக்கிக் கடல் காட்டணும், அவ்ளோதான? கடப்பாக்கத்துல எறங்கு. அங்கயும் அதே கடல் தான் கீது."

எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையைக்கூட 'வாங்க கண்ணு' என்போம். இங்கே முன்பின் தெரியாதவர் 'ஏறு', 'எறங்கு' என்றபோது முதல் நாள் அதட்டல் போலவே கேட்டது. இரண்டாம் நாள்தான் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'மா' என் காதில் விழுந்தது.

கடப்பாக்கத்தில் இடிந்த கோட்டை ஒன்று உண்டு. உப்புக் காற்றில் அரித்த செங்கல் சுவர்கள், அப்பால் கழிமுகம், அதற்கும் அப்பால் கடல். மகி சுவர்களைப் பார்க்கவில்லை, மணலில் ஓடினாள். கரையில் ஏழெட்டுப் பெண்கள் அலுமினிய அன்னக்கூடைகளோடு காத்திருந்தார்கள். தூரத்தில் ஒரு ஃபைபர் படகு வந்துகொண்டிருந்தது. அவர்களில் என் வயதுப் பெண் ஒருத்தியை மற்றவர்கள் கன்னியம்மா என்று கூப்பிட்டார்கள். வருவது அவளுடைய கணவனின் படகு. அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.

தோட்டத்திலிருந்து வருபவரைப் பார்த்தால், 'வெள்ளாமை எப்படிங்க?' என்று கேட்பது எங்கள் பக்கத்து மரியாதை. கேட்காமல் நிற்பதுதான் தப்பு. படகு அலைக்குப் பக்கத்தில் வந்ததும் நான் கையை வாயருகில் குவித்து, "ஏனுங்க, மீன் நல்லாக் கெடைச்சுதுங்களா?" என்று கூவினேன்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

"ஏய், வாய மூடு மா!" என்றாள் கன்னியம்மா. "கரை ஏறாத படக இன்னா கேள்வி கேக்குற நீ?"

"எந்த ஊரு இது?" என்றாள் இன்னொருத்தி.

"உடுமலைங்க."

"அங்க கடல் கீதா?"

"இல்லைங்க."

"அதான்."

எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. மகியின் கையைப் பிடித்துக்கொண்டு நகரப் பார்த்தேன். அதற்குள் படகின் மூக்கு மணலில் முட்டியது, கயிறு பறந்து வந்து விழுந்தது. கன்னியம்மா கயிற்றின் ஒரு பகுதியைத் தூக்கி என் கையில் திணித்தாள். "எங்க போற? புடி! கேள்வி கேக்கத் தெரியுதுல்ல, இழு!"

இழுத்தேன். மகியும் என் முன்னால் நின்று இழுத்தாள். ஒவ்வொரு அலைக்கும் படகு ஒரு முழம் ஏறியது. அது நின்றதும் ஆண்கள் வலையை இறக்கிக் குவித்து, உட்கார்ந்து உதறத் தொடங்கினார்கள். அப்போதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கன்னியம்மா கணவனிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவன் குடித்தான். அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க கேக்கக் கூடாது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னாத்துக்குக் கேக்கணும்? இருந்தா கூடைல உழும்போது தெரியும். இல்லன்னா மூஞ்சில தெரியும். நடுக்கடல்லேர்ந்து வர்றவன நாம கேட்டா, நமக்கோசரம் பொய் சொல்லும். கேக்காம வுடு, தானா சொல்லும். இவரு சோறு துன்னும்போதுதான் எல்லாத்தையும் சொல்லுவாரு."

மகி உள்ளங்கையில் ஒட்டிய மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "டோன்ட் கவுன்ட் யுவர் சிக்கன்ஸ் பிஃபோர் தே ஹாட்ச்" என்றாள்.

அது பதினோராவது அட்டை. முன்னால் இருந்த பத்தையும் இவள் சொல்லவில்லை.

"இன்னா சொல்லுது பாப்பா?"

"முட்டை பொரிக்கறதுக்கு முன்னாடி கோழிக்குஞ்ச எண்ணாதீங்கன்னு அர்த்தங்க. நீங்க சொன்னதேதானுங்க."

கன்னியம்மா யோசித்தாள். "பரவால்லியே, வெள்ளக்காரனுக்கும் தெரிஞ்சிக்கீது. ஆனா கோழின்னா இருவத்தோரு நாள்ல தெரிஞ்சிப்புடும். கடலு அப்டி இல்ல." பிறகு என் பையில் நீட்டிக்கொண்டிருந்த அட்டைக் கட்டைப் பார்த்து, "இன்னா மா, சீட்டாட வந்தியா?" என்றாள்.

அட்டைகள் வெளியே வந்தன. மகி ஒவ்வொன்றாக எடுத்துத் தமிழில் சொல்ல, அந்தப் பெண்கள் வலையைவிட்டுக் கண்ணெடுக்காமலே பதில் சொன்னார்கள். வானத்திலிருந்து பூனையும் நாயும் விழுமாம் என்றதற்கு, "நாயி உழுந்தாலும் சரி, பூன உழுந்தா மீன் ஒண்ணு மிஞ்சுமா?" என்றாள் ஒருத்தி. தண்ணீரை விட்டு வெளியே வந்த மீன் என்றால், பழக்கமில்லாத இடத்தில் விழிப்பவர் என்று பொருள் சொன்னாள் மகி.

கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அது உங்கம்மாதான?"

மகி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு மாதமாக அந்த அட்டையை வைத்து அவளைக் கேள்வி கேட்டிருக்கிறேன். அதில் இருப்பது நான்தான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். சோறு, புளிப்பு ஏறிய மீன் குழம்பு, மொறுமொறுவென்று நெத்திலி. அரிசியும் பருப்புமாகச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு முள் என்றாலே பயம். ஒவ்வொரு மீனையும் பிரித்துத் தடவிப் பார்த்துக் கொடுத்தேன். மகி அதைத் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து அவர் போலவே முழு நெத்திலியை வாயில் போட்டுக் கடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் படகில் எவ்வளவு மீன் இருந்தது என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. வலை உதறி முடிவதற்குள் கிளம்பிவிட்டோம்.

திங்கட்கிழமை காலை மகிக்கு வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று, "மகி, பிரேக் எ லெக்!" என்றார். மேடை ஏறுகிறவர்களை ஆங்கிலத்தில் அப்படித்தான் வாழ்த்துவார்களாம். அந்த அட்டையையும் நான்தான் எழுதினேன். ஆனாலும், "நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்பக் காலை ஒடின்னு சொல்றீங்களே, வாயக் கழுவுங்க" என்றேன். போகிறேன் என்று சொல்லாமல் போயிட்டு வர்றேன் என்று சொல்லி வளர்ந்த வாய்க்கு அந்த வாழ்த்து எந்த நாளும் பழகாது.

பள்ளியில் அலுவலகப் பெண்மணி, "அம்மாவும் உள்ளே போகலாம்" என்றார். மகி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளுடைய உதடுகளைப் பார்க்கவில்லை, செங்கல்பட்டில் அசைந்த என் உதடுகளை நினைத்துக்கொண்டேன்.

"நான் வெளியவே இருக்கறேனுங்க" என்றேன்.

மகி தனியாக உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். போயிருக்க வேண்டுமோ, பயந்துவிட்டால், அழுதால், தண்ணீர் பாட்டிலைக்கூடக் கொடுத்தனுப்பவில்லையே என்று இருபது முறை எழுந்து இருபது முறை உட்கார்ந்தேன். கதவு திறந்து அவள் வந்தபோது என் வாயில் ஒரே நேரத்தில் பத்துக் கேள்விகள் முட்டின. என்ன கேட்டாங்க? சொன்னியா? சிரிச்சாங்களா?

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். குடித்தாள். முடிவை ஃபோனில் சொல்வதாக அலுவலகப் பெண்மணி சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் இருந்தபோது அவர் ஃபோனில் கூப்பிட்டார். "என்னாச்சு?"

"தெரியலைங்க."

"அவ என்ன சொல்றா?"

"நான் கேக்கலைங்க."

"உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

மாமல்லபுரத்தில், சரிவில் உருண்டுவிடும்போல நிற்கும் அந்தப் பெரிய உருண்டைப் பாறையடியில் கூட்டம் இருந்தது. ஒவ்வொருவராகப் போய், இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடிப்பதுபோல நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கையை எடுத்த பிறகும் அது அங்கேதான் நின்றது. மகியும் போய்த் தாங்கினாள். படம் எடுத்தேன். பிறகு நிழலில் உட்கார்ந்து மாங்காய்த் துண்டுக்கு மிளகாய்த்தூள் தூவி வாங்கிக் கொடுத்தேன். முதல் துண்டு, இரண்டாம் துண்டு. மூன்றாம் துண்டில் அவள் பேசினாள்.

"ஒரு இடியம் சொல்லி, அத வெச்சு ஒரு கதை சொல்லுன்னாங்க. நான் கோழிக்குஞ்சு சொன்னேன். அந்தப் படகு, கயிறு எல்லாம் சொன்னேன். பாதிக்கு மேல இங்கிலீஷ் வரல, தமிழ்லயே சொல்லிட்டேன். தப்பாம்மா?"

"இல்ல, கண்ணு."

"மிஸ், படகுல எவ்ளோ மீன் இருந்துச்சுன்னு கேட்டாங்க. நாங்க கேக்கவே இல்லைன்னேன். அவங்க சிரிச்சாங்க." இன்னொரு துண்டைக் கடித்தாள். "அப்புறம் ப்ளூ மூன்னு ஒண்ணு கேட்டாங்க. அதுதான் பஸ்ல காணாமப்போன அட்டைன்னு நெனக்கறேன். எனக்குத் தெரியாது மிஸ்னு சொன்னேன்."

எப்போதோ ஒருமுறை என்று அதற்குப் பொருள். ஆனால், தெரியாது என்று சொன்னாளா. வாயைத் திறந்து, சத்தமாக, ஓர் அந்நியரின் முகத்தைப் பார்த்து. நான் இன்னொரு துண்டை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"கடைசில, இங்க நாலாவதுலேர்ந்து வெள்ளை ஷூ கெடையாது, கறுப்புதான்னு சொன்னாங்க."

நாலாவதா, உனக்கென்றா சொன்னார்கள், இல்லை எல்லாக் குழந்தைக்கும் சொல்வதா, என்ன குரலில் சொன்னார்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடினேன். அவள் காலை என் மடிமேல் இழுத்து வைத்து, அந்த வெள்ளை ஷூக்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மணலை உதறினேன்.